தண்ணீர் ஊற்றினால் எது குறைகிறது, எது குறைவதில்லை: நீர்த்த கரைசல்களின் செறிவும் சமநிலையும்

காரைக்குடியில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவர் நான்கு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருந்தார். சுருக்கமாக அவை இவை.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பத்து மடங்கு நீர்த்தால் பி.எச். (ஹைட்ரஜன் அயனியின் அளவைக் காட்டும் எண், அயனி பத்தில் ஒன்றானால் இது ஒன்று கூடும்) ஏறக்குறைய ஒன்று கூடுகிறது. அசிட்டிக் அமிலத்தை அதேபோல் நீர்த்தால் அரைதான் கூடுகிறது, ஏன்? 10⁻⁸ மோலார் (லிட்டருக்கு 10⁻⁸ மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குக் கணக்குப் போட்டால் பி.எச். 8 வருகிறது, ஆனால் லேபில் மீட்டர் 5.6 காட்டியது, எது சரி? வீட்டு மராமத்துக்காகத் தொட்டியில் சுண்ணாம்பு ஊறுகிறது. தெளிந்த மேல்நீரின் பி.எச். 12.1, நாலு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகும் அதே 12.1, புத்தகத்திலோ 12.45 என்று இருக்கிறது, ஏன்? வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் வினிகரைக் கலந்தால் லேசாகிவிடும், அதைக் கொண்டு ஆத்தங்குடிக் கல் தரையைத் துடைக்கலாம் என்கிறார் அப்பத்தா, துடைக்கலாமா?

பி.எச். 8 என்ற விடை மட்டும்தான் தவறு. மற்ற அளவீடுகள் எல்லாமே சரியானவை. அவற்றைப் புரிந்துகொள்ள ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். தண்ணீர் ஊற்றும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. நாம் போட்ட பொருளின் மொத்தம் பெரிய கனஅளவில் பரவுகிறது. பரவிய பிறகு, அந்த மொத்தத்தில் எவ்வளவு அயனியாகப் பிரிந்திருக்க வேண்டும், எவ்வளவு பிரியாமல் இருக்க வேண்டும் என்ற பங்கீடு புதிதாக நடக்கிறது. செறிவு₁ × கனஅளவு₁ = செறிவு₂ × கனஅளவு₂ என்று நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் சமன்பாடு முதல் காரியத்துக்கு மட்டும் உரியது. அது மொத்த மோல்களின் கணக்கு. அதற்குள் ஹைட்ரஜன் அயனியின் செறிவைப் போடக்கூடாது, ஏனென்றால் ஹைட்ரஜன் அயனியின் மொத்தம் மாறாமல் இருப்பதில்லை. நீர்க்க நீர்க்கப் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும். முதலில் மொத்தம், பிறகு பங்கீடு. இந்த வரிசையைக் கலைத்தால்தான் குழப்பம் வரும்.

மொத்தத்தை முதலில் பார்ப்போம். பாதித் தவறு பாட்டிலைத் திறக்கும்போதே நடந்துவிடுகிறது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால் 12 மோலார் என்று எல்லோரும் சொல்வோம். லேபிளில் 37 சதவீதம், அடர்த்தி 1.18 என்று இருந்தால் 1180 × 0.37 ÷ 36.46 = 11.97. அது சரி. ஆனால் நம் கல்லூரிகளுக்கு வரும் பாட்டில்கள் பலவற்றில் 35 சதவீதம் என்றுதான் இருக்கும். அப்போது விடை 11.3. ஒரு லிட்டர் 0.1 மோலார் கரைசலுக்கு முதல் பாட்டிலிலிருந்து 8.35 மி.லி. வேண்டும், இரண்டாவதிலிருந்து 8.8 மி.லி. வேண்டும். அதோடு மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் வெளியேறும் புகையும் அமிலம்தான். சித்திரை வெயிலில் அது இன்னும் அதிகம். ஆகவே அடர் அமிலத்தை எவ்வளவு கவனமாக அளந்தாலும் கிடைப்பது உத்தேசமான 0.1 மோலார்தான். அதைத் தரம் பார்த்துத்தான், அதாவது செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசலோடு வினைபுரிய வைத்துத்தான், உண்மையான எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சூடாக்கி உலர்த்திய நீரற்ற சோடியம் கார்பனேட் 1.325 கிராமை 250 மி.லி. ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்கில் கரைத்தால் அது 0.05 மோலார். அதில் 20 மி.லி. எடுத்தால் 1 மில்லிமோல். ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு அமிலம் என்பதால் 2 மில்லிமோல் அமிலம் செலவாகும். மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறும் இடத்தில் பியூரெட் 19.6 மி.லி. காட்டினால் அமிலத்தின் செறிவு 2 ÷ 19.6 = 0.102 மோலார். இனிமேல் நீர்க்கும் எல்லாக் கணக்குக்கும் இந்த 0.102 தான் தொடக்கம், லேபிளில் எழுதிய 0.1 அல்ல.

அடுத்தது "ஒன்றுக்குப் பத்து" என்ற பேச்சு. கொத்தனார் கலவைக்குச் சொல்லும்போது ஒரு பங்கோடு பத்துப் பங்கு சேர்ப்பது என்று பொருள். மொத்தம் பதினொரு பங்கு. வேதியியலில் பத்து மடங்கு நீர்த்தல் என்றால் 10 மி.லி.யை 100 மி.லி. ஃபிளாஸ்கில் விட்டுக் கோடு வரை நிரப்புவது. 10 மி.லி.யோடு 100 மி.லி. தண்ணீரைச் சேர்த்தால் பதினொரு மடங்கு நீர்த்துவிடும். இப்படி ஆறு தடவை தொடர்ந்து செய்தால் பத்து லட்சம் மடங்குக்குப் பதிலாகப் பதினேழு லட்சத்து எழுபதாயிரம் மடங்கு நீர்த்திருப்பீர்கள்.

தொடர் நீர்த்தலில் இன்னொரு எதிரி, பிப்பெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துளி. துளி சின்னது, 0.05 மி.லி. இருக்கும். அது 0.1 மோலார் அமிலத்தின் துளி என்றால் அதில் 5 மைக்ரோமோல் இருக்கிறது. அது 100 மி.லி. ஃபிளாஸ்கில் விழுந்தால் அந்தத் துளியே 5 × 10⁻⁵ மோலார் செறிவைத் தந்துவிடும். நீங்கள் அங்கே 10⁻⁶ மோலார் கரைசல் தயாரிக்க உட்கார்ந்திருப்பீர்கள். துளி அதைப்போல ஐம்பது மடங்கு. ஒவ்வொரு படிக்கும் பிப்பெட்டை முதலில் வாலைவடிநீராலும், பிறகு அடுத்து எடுக்கப் போகும் கரைசலாலும் இரண்டு முறை கழுவ வேண்டும். முடிந்தால் நீர்த்த கரைசலிலிருந்து அடர்த்தியானதை நோக்கி அளவிட்டுக்கொண்டு போங்கள், எதிர்த்திசையில் வேண்டாம்.

இனிப் பங்கீடு. அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 25 டிகிரியில் 1.75 × 10⁻⁵. மொத்தச் செறிவைச் 'செ' என்றும், அதில் பிரிந்த பகுதியைப் 'ப' என்றும், மாறிலியை 'மா' என்றும் வைத்துக்கொள்வோம். பிரிந்தால் ஹைட்ரஜன் அயனியும் அசிட்டேட் அயனியும் ஒன்றுக்கு ஒன்று பிறக்கும். பிரியாதது செ − ப. எனவே

ப × ப ÷ (செ − ப) = மா

1888-இல் ஆஸ்ட்வால்டு சொன்ன நீர்த்தல் விதி இதுதான். இதில் மேலே இரண்டு 'ப' இருக்கிறது, கீழே பிரியாத அமிலம் ஒன்றுதான் இருக்கிறது. எல்லாச் செறிவுகளும் ஒரே நொடியில் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் மேலே நூறில் ஒன்று ஆகும், கீழே பத்தில் ஒன்று ஆகும். விகிதம் மாறிலியைவிடப் பத்து மடங்கு சிறிதாகிவிடும். அதைச் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் அமிலம் பிரிந்தே ஆக வேண்டும். உங்கள் முதல் கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது. தண்ணீர் ஹைட்ரஜன் அயனியைப் பத்தில் ஒன்றாக்குகிறது. புதிதாகப் பிரியும் அமிலம் அதை ஏறக்குறைய மூன்று மடங்காக உயர்த்துகிறது. மிஞ்சுவது √10-இல் ஒரு பங்கு, அதாவது பி.எச். 0.5 கூடும்.

புத்தகத்தில் வரும் குறுக்குவழி, 'ப' சிறியது என்று கீழே அதை விட்டுவிட்டு, ப = √(மா × செ) என்று எழுதுவது. இது எங்கே வரை தாங்கும் என்று எண்களைப் போட்டே பார்க்க வேண்டும். முழுத் தீர்வு இது:

ப = [−மா + √(மா² + 4 × மா × செ)] ÷ 2

0.1 மோலார்: பிரிந்தது 1.3 சதவீதம், பி.எச். 2.88
0.01 மோலார்: 4.1 சதவீதம், பி.எச். 3.39
0.001 மோலார்: 12.4 சதவீதம், பி.எச். 3.91
10⁻⁴ மோலார்: 34 சதவீதம், பி.எச். 4.47
10⁻⁵ மோலார்: 71 சதவீதம், பி.எச். 5.15

முதல் இரண்டு வரிகளில் குறுக்குவழி நன்றாக ஒத்துப்போகும். 0.001 மோலாரில் அது 7 சதவீதம் கூடுதலாகச் சொல்லும். 10⁻⁴-இல் 23 சதவீதம் கூடுதல். 10⁻⁵ மோலாருக்குக் குறுக்குவழி தரும் விடையைப் பாருங்கள்: 1.32 × 10⁻⁵. போட்ட அமிலமே 1.00 × 10⁻⁵ தான். அதில் 132 சதவீதம் பிரிந்துவிட்டது என்கிறது கணக்கு! கால்குலேட்டர் இதற்கெல்லாம் எச்சரிக்காது. விடை வந்தவுடன் 'ப'வைச் 'செ'வால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் குறுக்குவழியே போதும். தாண்டினால் முழுத் தீர்வுக்குப் போங்கள்.

இருபடிச் சமன்பாடு பிடிக்காதவர்களுக்குச் சுற்றிச் சுற்றி வரும் முறை உண்டு. 0.001 மோலாருக்கு முதல் விடை 1.32 × 10⁻⁴. அதைச் செறிவிலிருந்து கழித்தால் 8.68 × 10⁻⁴. அதை மாறிலியால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.232 × 10⁻⁴. மறுபடி கழித்து, மறுபடி எடுத்தால் 1.239. மூன்றாவது சுற்றில் 1.238 என்று நிலைத்துவிடும். தேர்வு அறையில் இது வேகமான வழி. பிரிந்தது பாதிக்கு மேல் போய்விட்டால் மட்டும் சுற்றுகள் அதிகமாகும், அங்கே இருபடிதான் நல்லது.

தாங்கல் கரைசலை (கொஞ்சம் அமிலமோ காரமோ விழுந்தாலும் பி.எச்.-ஐ அதிகம் மாற விடாத கரைசலை) நீர்த்தால் என்ன ஆகும் என்றும் இதிலேயே பார்த்துவிடலாம். அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் தலா 0.1 மோலார் இருக்கும் கரைசலைப் பத்து மடங்கு நீர்த்தால் இரண்டும் சேர்ந்தே குறைகின்றன, விகிதம் மாறவில்லை, பி.எச். ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆனால் தாங்கும் சக்தி பத்தில் ஒன்றாகிவிட்டது. முதல் கரைசல் ஒரு லிட்டரில் 5 மில்லிமோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விழுந்தால் விகிதம் 95-க்கு 105, பி.எச். 0.04 இறங்கும். நீர்த்ததில் அதே 5 மில்லிமோல் விழுந்தால் 5-க்கு 15, 0.48 இறங்கிவிடும். மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு கரைசல்கள் ஒரே தரமானவை அல்ல. இந்த எண்ணத்தை மனத்தில் வைத்திருங்கள். கடைசியில் அப்பத்தாவின் வாளிக்கு இது தேவைப்படும்.

இரண்டாவது கேள்வி, 10⁻⁸ மோலார் அமிலம். அமிலம் எவ்வளவு நீர்த்தாலும் காரமாகாது என்பதால் 8 என்ற விடையைப் பார்த்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். அங்கே விடுபட்டது தண்ணீர். சுத்தமான தண்ணீரே 25 டிகிரியில் லிட்டருக்கு 10⁻⁷ மோல் ஹைட்ரஜன் அயனியும் அதே அளவு ஹைட்ராக்சைடு அயனியும் தருகிறது. நாம் போட்ட அமிலம் அதில் பத்தில் ஒரு பங்கு. அதற்காக 10⁻⁷-ஐயும் 10⁻⁸-ஐயும் அப்படியே கூட்டிவிடவும் கூடாது. அமிலம் வந்ததும் தண்ணீரின் பிரிகை சற்றுப் பின்வாங்கும்.

சரியான வழி மின்சுமைக் கணக்கு. கரைசலில் நேர்மின்சுமை மொத்தமும் எதிர்மின்சுமை மொத்தமும் சமமாக இருக்க வேண்டும். ஹைட்ரஜன் அயனி = குளோரைடு அயனி + ஹைட்ராக்சைடு அயனி. குளோரைடு நாம் போட்டதுதான், 10⁻⁸. ஹைட்ராக்சைடு என்பது 10⁻¹⁴ ÷ ஹைட்ரஜன் அயனி. ஹைட்ரஜன் அயனியை 'ஹை' என்று வைத்தால்

ஹை² − 10⁻⁸ × ஹை − 10⁻¹⁴ = 0

இதன் விடை 1.05 × 10⁻⁷, பி.எச். 6.98. இதே சமன்பாட்டில் 10⁻⁷ மோலாருக்கு 1.618 × 10⁻⁷ வரும், பி.எச். 6.79. (பொன் விகிதம் எதிர்பாராமல் வந்து நிற்கும் அழகான இடம் இது.) 10⁻⁶ மோலாருக்கு 1.01 × 10⁻⁶, பி.எச். 6.00. ஆகவே போட்ட அமிலம் 10⁻⁶-க்கு மேல் இருந்தால் தண்ணீரை மறந்துவிடலாம்; அதற்குக் கீழே மறக்கக்கூடாது. அவ்வளவு நீர்த்த நிலையில் அசிட்டிக் அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்ற வேறுபாடும் மறைந்துவிடும். 10⁻⁸ மோலாரில் இரண்டுமே முழுக்கப் பிரிந்துதான் இருக்கும், இரண்டுக்கும் 6.98 தான்.

அப்படியானால் மீட்டர் ஏன் 5.6 காட்டியது? அது காட்டியது காற்றை. திறந்த பீக்கரில் இருக்கும் எந்த வாலைவடிநீரும் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும். இன்றைய காற்றின் அளவுக்கு அது லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 × 10⁻⁶ மோல் ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது. நீங்கள் போட்ட 10⁻⁸ அதில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. அமிலமே போடாமல் வெறும் வாலைவடிநீரை வைத்துப் பார்த்திருந்தாலும் 5.6 தான் வந்திருக்கும். அந்த ஒப்பீட்டைச் செய்து பார்ப்பதுதான் நல்ல சோதனை முறை. 6.98-ஐ நேரில் காண வேண்டுமானால் தண்ணீரைக் கொதிக்க வைத்து, காற்றுப் படாமல் ஆற வைத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் அளக்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து கசியும் காரம்கூட அந்த அளவில் கணக்கைக் கெடுக்கும். பாலித்தீன் பாத்திரம் வேண்டும்.

வாலைவடிநீர் தீர்ந்துவிட்டது என்று கிணற்று நீரில் நீர்ப்பவர்களும் உண்டு. அதில் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் எண். கிணற்று நீரின் காரத்தன்மை கால்சியம் கார்பனேட்டாக லிட்டருக்கு 200 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். அதாவது 0.004 மோலார் பைகார்பனேட். 0.1 மோலார் அமிலத்தை நூறு மடங்கு நீர்த்தால் கிடைக்க வேண்டியது 0.001 மோலார். பைகார்பனேட் அதைப்போல நாலு மடங்கு இருக்கிறது. அமிலம் முழுவதும் அங்கேயே தீர்ந்துபோகும். ஃபிளாஸ்கில் இருப்பது அமிலமே அல்ல, கொஞ்சம் கார்பன் டைஆக்சைடு கலந்த கிணற்று நீர்.

ஆனால் இதே பைகார்பனேட் இன்னோரிடத்தில் கணக்கை எளிதாக்கும். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடும்போது 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பழகிய அளவு. நல்ல பவுடர் என்றால் லிட்டருக்கு 0.7 முதல் 0.8 மி.கி. குளோரின் ஆகும். தண்ணீரில் அது ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட் அயனியாகவும் பங்கு பிரியும். கிருமியைக் கொல்வதில் அமில வடிவமே பல மடங்கு வல்லது. இங்கே பி.எச்.-ஐத் தீர்மானிப்பது இந்தச் சொட்டுக் குளோரின் அல்ல, கிணற்றின் பைகார்பனேட். பி.எச். கட்டிப்போடப்பட்டிருக்கும் இடத்தில் நீர்த்தல் பங்கீட்டை மாற்றாது. பி.எச். 7 என்றால் அமில வடிவம் 76 சதவீதம், 7.5 என்றால் பாதி, 8 என்றால் 24. பவுடரின் அளவை இரட்டித்தாலும் இந்தச் சதவீதங்கள் அப்படியே இருக்கும்.

மூன்றாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்பான சுவர்ப்பூச்சு முழுவதும் இந்தத் தொட்டியில்தான் தொடங்குகிறது. சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, தண்ணீரில் கொஞ்சமே கரையும்: லிட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம், 0.02 மோலார். தொட்டியில் 50 கிலோ சுண்ணாம்பு இருக்கிறது என்று வைப்போம். ஒரு குடம் 15 லிட்டர் என்றால் நாலு குடம் 60 லிட்டர். அதில் புதிதாகக் கரையக்கூடியது 90 கிராம். அடியில் கிடக்கும் 50 கிலோவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கரையாத திடப்பொருள் அடியில் இருக்கும்வரை தண்ணீர் ஊற்றுவது நீர்த்தலே ஆகாது. ஊற்றிய தண்ணீருக்குத் தேவையான சுண்ணாம்பு கீழிருந்து கரைந்து வந்துவிடும், செறிவு அதே இடத்தில் நிற்கும். அந்த 50 கிலோவும் கரைந்து முடிய 33,000 லிட்டர் வேண்டும். அதன் பிறகு ஊற்றும் குடம்தான் உண்மையில் நீர்க்கும். இதைச் சின்ன அளவில் பார்க்க விரும்பினால் 5 கிராம் சுண்ணாம்பை ஒரு லிட்டரில் கலக்குங்கள். இரண்டு லிட்டராக்கினாலும், மூன்று லிட்டராக்கினாலும் பி.எச். நகராது. 3.3 லிட்டரைத் தாண்டினால் நகரத் தொடங்கும். ஆனால் தெளிந்த மேல்நீரை மட்டும் தனியாக வடித்து எடுத்துப் பத்து மடங்கு நீர்த்தால் கதை வேறு: ஹைட்ராக்சைடு பத்தில் ஒன்றாகும், பி.எச். 11.6-க்கு அருகில் வரும் (25 டிகிரிக்கு).

12.1-க்கும் 12.45-க்கும் இடையே உள்ள வேறுபாடு உங்கள் ஊர் வெயில். 12.45 என்பது 25 டிகிரிக்குரிய எண். தெவிட்டிய சுண்ணாம்பு நீர் மீட்டரைச் சரிபார்க்கும் திட்டக் கரைசல்களில் ஒன்று, அதன் பி.எச். 30 டிகிரியில் 12.29, 35 டிகிரியில் 12.13, 40 டிகிரியில் 11.98 என்று பட்டியலே உண்டு. காரம் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. தண்ணீரின் அயனிப் பெருக்கம் (ஹைட்ரஜன் அயனி, ஹைட்ராக்சைடு அயனி இரண்டின் செறிவுகளைப் பெருக்கினால் வரும் எண்) வெப்பத்தோடு ஏறுகிறது. 25 டிகிரியில் அதன் எதிர்க்குறி மடக்கை 14.00, 35 டிகிரியில் 13.68. அதிலிருந்து பி.எச்.-ஐக் கழித்தால் ஹைட்ராக்சைடுக்குரிய எண் 25-இலும் 35-இலும் 1.55. ஹைட்ராக்சைடு ஏறக்குறைய அசையவே இல்லை, அளவுகோல்தான் நகர்ந்திருக்கிறது. இதே காரணத்தால் 35 டிகிரியில் நடுநிலை என்பது 7 அல்ல, 6.84. காரைக்குடி வெயிலில் 6.9 காட்டும் நீரை அமிலம் என்று எழுதிவிடாதீர்கள், அது ஒரு மயிரிழை காரப்பக்கம் இருக்கிறது. மீட்டரில் இருக்கும் வெப்பநிலைத் திருத்தம் மின்முனையின் சரிவை மட்டும்தான் திருத்தும் (ஓர் அலகுக்கு 25 டிகிரியில் 59.2 மில்லிவோல்ட், 35-இல் 61.1). கரைசலுக்குள் நிகழும் இந்த மாற்றத்தை அது திருத்தாது.

இந்தக் கேள்வியைத் தொடர்ந்தால் புத்தகக் கணக்கு முறியும் ஓர் இடமும் தெரியும். கால்சியம் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் (தெவிட்டிய கரைசலில் கால்சியத்தின் செறிவை ஹைட்ராக்சைடு செறிவின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது) சுமார் 5 × 10⁻⁶. கரைதிறனைக் கண்டுபிடிக்க அதை 4-ஆல் வகுத்துக் கனமூலம் எடுத்தால் 0.0108 மோலார், லிட்டருக்கு 0.8 கிராம். உண்மையில் கரைவது இதைப்போல இரண்டு மடங்கு. ஏன்? கரைதிறன் பெருக்கத்துக்குள் வர வேண்டியது அயனிகளின் செறிவு அல்ல, செயல்திறன், அதாவது அவை உண்மையில் எவ்வளவு செறிவாக இருப்பதுபோல் நடந்துகொள்கின்றன என்ற அளவு. கரைசலில் ஒவ்வோர் அயனியையும் எதிர் மின்சுமை அயனிகள் சூழ்ந்து நிற்கின்றன. இரட்டை மின்சுமை உள்ள கால்சியத்தை இன்னும் நெருக்கமாகச் சூழ்கின்றன. அதனால் கால்சியம் தன் செறிவில் பாதிக்கும் குறைவாகவே இருப்பதுபோல் நடந்துகொள்கிறது. அந்தத் திருத்தத்தைச் சேர்த்தால் 0.016 வரை வரும். மீதிக்குக் காரணம், கால்சியமும் ஹைட்ராக்சைடும் ஒன்றோடொன்று இணை சேர்ந்து திரிவது.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் இதன் சாயல் உண்டு. 0.1 மோலாருக்கு நல்ல மீட்டர் 1.0 காட்டாது, 1.1 காட்டும், 0.01 மோலாருக்கு 2.04. மேலே சொன்ன தாங்கல் கரைசல் கணக்கில் 4.76, மீட்டரில் 4.65, பத்து மடங்கு நீர்த்தால் 4.71. மீட்டர் படிப்பது மின்முனையின் அழுத்தத்தை, அது செயல்திறனைத்தான் அறியும். இதைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் எழுந்து 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நடைமுறைக்கு ஒரு விதி: ஒற்றை மின்சுமை அயனிகள், மொத்தம் 0.001 மோலாருக்குக் கீழே என்றால் செறிவையே போடலாம், பிழை நாலு சதவீதத்துக்குள் நிற்கும். அதற்கு மேல், அதுவும் கால்சியம் போன்ற இரட்டை மின்சுமை இருந்தால், திருத்தம் இல்லாமல் எழுதும் விடை உத்தேசம்தான்.

கடைசிக் கேள்வி. நாலு சதவீத வினிகர் ஏறத்தாழ 0.67 மோலார் அசிட்டிக் அமிலம், பி.எச். 2.5. அதில் 200 மி.லி. டம்ளர் ஒன்றை வாளியில் விட்டு 10 லிட்டராக்கினால் ஐம்பது மடங்கு நீர்த்தாகிவிட்டது, 0.0133 மோலார். பி.எச். 3.3. ஐம்பது மடங்குக்குப் பி.எச். ஏறியது 0.85 மட்டும், முதல் கேள்வியில் பார்த்த அதே காரணம். ஆனால் தரைக்கு முக்கியம் பி.எச். மட்டுமல்ல, வாளியில் இருக்கும் மொத்தம். டம்ளரில் இருந்த 0.133 மோல் அமிலம் வாளியிலும் 0.133 மோல்தான். அந்த மொத்தத்தில் 3.6 சதவீதம்தான் இப்போது அயனியாக இருக்கிறது. மீதி பிரியாமல் காத்திருக்கிறது. தரையிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஹைட்ரஜன் அயனியைத் தின்னத் தின்ன, காத்திருக்கும் அமிலம் பிரிந்து வந்து அந்த இடத்தை நிரப்பும். முழுதும் தீரும்வரை 6.7 கிராம் கால்சியம் கார்பனேட்டை அது கரைத்துவிடும். இதே பி.எச். 3.3 உள்ள 10 லிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசல் கரைக்கக்கூடியது கால் கிராமுக்கும் குறைவு. வலிமை குறைந்த அமிலம் என்பதால் தீங்கும் குறைவு என்று நினைப்பது இங்கேதான் ஏமாற்றும்.

ஆத்தங்குடிக் கல் சுட்ட ஓடு அல்ல. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை வார்த்து, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. அந்தக் கண்ணாடியிலிருந்து வந்த மழமழப்பு மிக மெல்லியது, அதில் இருப்பது சிமெண்டின் சுண்ணாம்புச் சத்து. அமிலம் தொட்ட இடம் முதலில் மங்கும், பிறகு சொரசொரப்பாகும், பிறகு அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபடி மெருகு ஏறாது. ஆகவே வினிகர் வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், குளியலறைக்கு விற்கும் ஆசிட் எந்த அளவுக்கு நீர்த்தாலும் வேண்டாம். வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் சில சொட்டுகள் தொட்ட துணியால் தேய்ப்பது போதும்.

அந்த வாளி தரையில் கவிழ்ந்துவிட்டால் மேலும் தண்ணீர் ஊற்றிப் பரப்ப வேண்டாம். துணியால் ஒற்றி எடுத்து வாளியிலேயே பிழிந்து, அதன் பிறகு கழுவுங்கள். வாளியில் இருப்பதைக் கொட்டும் முன் நடுநிலையாக்க 0.133 × 84 = 11 கிராம் சமையல் சோடா வேண்டும், அதாவது இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதல். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நுரைத்து அடங்கும்வரை கலக்கிவிட்டுக் கொட்டலாம்.